விளக்கெண்ணெய் குடித்த கர்னல்

கர்னல் விண்டர்போர்னை நான் வேண்டுமென்றே எண்ணெயில் குளிப்பாட்டவில்லை. இதை அன்றைக்கே நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தேன். நம்பினார்கள். ஆனால் வேண்டுமென்றே செய்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும் என்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. லண்டனுக்கு வெளியே, புரூக்லண்ட்ஸ் மோட்டார் பந்தயப் பாதைக்கு நடுவில், ஊர்க் கழிவுநீரைப் பாய்ச்சுகிற சாக்கடைப் பண்ணையை ஒட்டி, விமானக்காரர்களின் கொட்டகைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்பதாவது எங்களுடையது. முதலாளி மிஸ்டர் ராப்ஸன், தச்சர் ஜெத்ரோ, மெக்கானிக் நான். ராணுவத்துக்கு எஞ்சின் வாங்குகிற குழுவிலிருந்து கர்னல் வந்திருந்தார். மிஸ்டர் ராப்ஸன் மூன்று வருடமாகக் கட்டிய எஞ்சினைப் பார்க்கத்தான் வந்தார். வெள்ளை லினன் கோட்டு, வெள்ளைத் தொப்பி, வெள்ளை மீசை. வேறு எந்த நிறத்தில் வந்திருந்தாலும் இந்தக் கதை பாதியாகக் குறைந்திருக்கும்.

எங்கள் எஞ்சினைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னால் போதும். மற்ற எஞ்சின்களில் எஞ்சின் நிற்கும், தண்டு சுற்றும். எங்களுடையதில் தண்டு அசையாமல் நிற்கும். ஏழு சிலிண்டரும் புரொப்பெல்லரோடு சேர்ந்து ராட்டினம் மாதிரி சுற்றும். இந்த ரகத்தைப் பிரெஞ்சுக்காரர்களும் செய்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது எங்கள் ஊதுவிசிறி. சிலிண்டர்களுக்குப் பின்னால் ஒரு டிரம், அதற்குள் ஒரு விசிறி. மற்ற எஞ்சின்கள் பெட்ரோலையும் காற்றையும் தாங்களாக மூச்சிழுத்துக்கொள்ளும். எங்களுடையதற்கு இந்த விசிறி வாயைப் பிளந்து ஊட்டிவிடும். ஊட்டி வளர்த்த பிள்ளை பலசாலியாக இருக்கவேண்டுமல்லவா? நிமிடத்துக்கு ஆயிரத்து நூறு சுற்று வரவேண்டும். மூன்று மாதமாகத் தொள்ளாயிரத்து இருபதைத் தாண்டவில்லை. ஏன் என்று மிஸ்டர் ராப்ஸனுக்கும் தெரியவில்லை.

இந்த ரகத்துக்கெல்லாம் உணவு விளக்கெண்ணெய். வேறு எண்ணெய் போட்டால் பெட்ரோல் அதைக் கரைத்துவிடும். எஞ்சின் சுற்றச் சுற்ற அந்த எண்ணெய் வெளியே விசிறியடிக்கும். அதைப் பிடிக்கத்தான் சிலிண்டர்களைச் சுற்றி ஒரு தகரக் கவசம், சைக்கிள் மட்கார்டின் பெரியண்ணன் மாதிரி. அதை நான் கழற்றி வைத்துவிட்டேன்.

காரணம் இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு சிலிண்டராகத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தேன். செப்புக் குழாயில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். ஒரு காலையில் செய்தும் பார்த்தேன். அத்தனையையும் ஒரு தகரத்துக்குள் மூடி வைக்க மனம் வரவில்லை. தரையில் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, "இங்க நின்னீங்கன்னா நல்லாத் தெரியும் சார்" என்று கர்னலை அதற்குள் நிறுத்தினேன். சிலிண்டர்களுக்கு நேர் பக்கவாட்டில், ஆறடி தூரத்தில். உண்மையில் அதைவிட நன்றாகத் தெரியக்கூடிய இடம் அந்தக் கொட்டகையில் கிடையாது.

கர்னல் நல்ல கேள்வி கேட்கிறவர். "இவ்வளவு எண்ணெய் ஊத்தறீங்களே, அதெல்லாம் கடைசியில எங்க போகுது?" என்றார்.

மிஸ்டர் ராப்ஸன் பற்றவைக்காத பைப்பை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். "போற இடத்துக்குப் போகும் சார்."

மிஸ்டர் ராப்ஸன் வடக்கே டர்ஹம் பக்கத்துக்காரர், வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிறவர். மழை பெய்கிறதா என்று நனைந்துகொண்டே கேட்டாலும் "பார்ப்போம்" என்பார். ஜெத்ரோ புரொப்பெல்லரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கேட்ட கேள்விக்கு எங்கள் கொட்டகையில் நேராகப் பதில் சொல்லக்கூடியது அந்த எஞ்சின் ஒன்றுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அரை நிமிடம்தான். நான் பாய்ந்து பெட்ரோலை அடைப்பதற்குள் கர்னலின் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் எண்ணெய் வழிந்தது. அடுத்த கேள்விக்காக வாயைத் திறந்தே வைத்திருந்தார் மனிதர். என் கணக்கில் இரண்டு மேசைக்கரண்டி உள்ளே போயிருக்கும்.

அவர் கத்தவில்லை. கைக்குட்டையால் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டு, "ரொம்ப சுவாரசியமா இருக்கு" என்றார். கோட்டை இரண்டு விரலால் கழற்றி என் கையில் கொடுத்தார். "வர்ற செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரேன். இது சுத்தமா இருக்கணும். அதுவும் ஒரு மணி நேரம் முழு வேகத்துல ஓடணும்." இரண்டாவது 'அது' எஞ்சின். பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு சற்று வேகமாகவே காரை நோக்கி நடந்தார். லண்டன் போகும்வரை அவருக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கார் மறைந்ததும் ஜெத்ரோ தன் வேலைமேசைமேல் ஏறி உட்கார்ந்தார். "ஏம்ப்பா ஹொரேஸ், வந்த விருந்தாளிக்கு விளக்கெண்ணெய் குடுத்தியே, கூட ஒரு பிஸ்கட்டாவது குடுத்திருக்கக் கூடாதா?"

நான் மிஸ்டர் ராப்ஸனிடம் போனேன். "என் தப்புதான் மிஸ்டர் ராப்ஸன். எனக்கு இங்க வேலை இருக்கா, இல்லையா?"

அவர் வாசலில் நின்று வெளியே பார்த்தார். "காத்து மேற்கேருந்து அடிக்குது," என்றார்.

இங்கேதான் எனக்கு அவசரம். என் அக்காள் வீட்டுக்காரர் ஹூபர்ட், கில்ட்ஃபோர்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அந்த வாரம்தான் கடிதம் போட்டிருந்தார்: கடையில் ஒரு ஆள் வேண்டும், வருகிறாயா இல்லையா என்று செவ்வாய்க்கிழமை ஆறு மணித் தபாலுக்குள் எழுது, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன். அங்கே நான் நான்கு வருடம் இருந்தவன். ஹூபர்ட் பஞ்சர் ஒட்டும்போதெல்லாம் தேவாலயப் பாட்டுப் பாடுவார். வாரத்துக்கு முப்பது பஞ்சர் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சைக்கிள் என்பது யாராவது மிதித்தால்தான் நகரும். எங்கள் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் அந்த முதல் நொடியில் கொட்டகையின் தகரமெல்லாம் நடுங்கும், என் பல்லும் நடுங்கும். அந்த நடுக்கத்துக்காகவே நான் காலை ஆறு மணிக்கு எழுந்துகொள்கிறவன். இங்கே வேலை போய்விட்டதென்றால் கில்ட்ஃபோர்டுக்கு எழுதியாகவேண்டும். போகவில்லை என்றால் எழுதக்கூடாது. எது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது.

வியாழக்கிழமை கேட்டேன். "பார்ப்போம்" என்றார். வெள்ளிக்கிழமை கேட்டேன். "அந்த ஏழாம் நம்பர் ஸ்பேனர் எங்க?" என்றார். வேலையை விட்டு நீக்கப்போகிறவனிடம் ஸ்பேனர் கேட்பார்களா? அல்லது நான் போவதற்குமுன் சாமான்களை எண்ணி வைத்துக்கொள்கிறாரா? வெள்ளிக்கிழமை முழுக்க அந்த ஸ்பேனரைப் பற்றியே யோசித்தேன். சனிக்கிழமை நான் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் தொள்ளாயிரத்துப் பத்து சொன்னது.

"இது புரொப்பெல்லரோட தப்பு இல்ல," என்றார் ஜெத்ரோ. சுற்று குறையும்போதெல்லாம் மிஸ்டர் ராப்ஸன் புரொப்பெல்லர் பக்கம் திரும்பிப் பார்ப்பார். ஜெத்ரோ இன்னொன்று செதுக்குவார். மாட்டியிருந்தது நான்காவது. "வால்நட் மரம் முளைக்கறதவிட வேகமா நான் அதைத் தீக்குறேன். அந்தாளு வாயைத் திறந்து, ஜெத்ரோ உன் மேல தப்பு இல்லன்னு ஒரு தடவை சொல்லட்டும், நான் அஞ்சாவதைச் சும்மா செதுக்கித் தரேன்."

அந்தக் கோட்டு விஷயம் இன்னொரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. நான் பைஃப்லீட்டில் மிஸஸ் பெக் வீட்டில் தங்கியிருந்தேன். விதவை, ஆறு பிள்ளைகளை வளர்த்தவர், கையில் எப்போதும் ஏதாவது பிழிந்துகொண்டிருப்பார். புதன்கிழமை சாயங்காலம் கோட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"இன்னிக்கு என்ன கிழமை மிஸ்டர் டிம்மின்ஸ்?"

"புதன்."

"துணி தோய்க்கறது என்னிக்கு?"

"திங்கள். ஆனா இது ரொம்ப அவசரம் மிஸஸ் பெக், ராணுவ விஷயம்."

"புதன்கிழமை என் கொடியில துணி தொங்கினா தெருவே வந்து யார் செத்தான்னு கேக்கும். ராணுவமா வந்து பதில் சொல்லும்? பின்கட்டு ஆணியில மாட்டுங்க. என் விரிப்புங்க பக்கத்துல வராம பாத்துக்குங்க."

ஆகவே கோட்டு நான்கு நாள் பின்கட்டுச் சுவரில் வெயில் காய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அதற்கு எதிரே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். மிஸஸ் பெக் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். குற்றவாளியை அவன் செய்த காரியத்துக்கு எதிரே உட்கார வைத்தால் பார்வை வேறெங்கும் போகாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈரமாக இருந்தபோது மொத்தமாக ஒரே எண்ணெய்க் களேபரமாக இருந்தது. காய்ந்ததும் வேறாகிவிட்டிருந்தது. நடு மார்பில் மேலிருந்து கீழாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்புப் பட்டை. அதற்குப் பக்கத்தில், பாக்கெட் மேலாக, விரல் அகலத்தில் இன்னொரு பட்டை. அது மஞ்சள்.

"அது ஏன் ரெண்டு நிறமா இருக்கு?" என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மிஸஸ் பெக் எழுந்து வந்து கோட்டை மோந்து பார்த்தார். முதலில் கருப்பு, பிறகு மஞ்சள், மறுபடி கருப்பு. "ஆறு பிள்ளைங்களுக்கு வாராவாரம் சனிக்கிழமை ஆளுக்கொரு கரண்டி குடுத்தவ நான். இந்த வாசனையை என்கிட்ட கேளுங்க. கருப்பு, வாணலியில விட்டுச் சுட்டு எடுத்தது. மஞ்சள், பாட்டில்லேருந்து ஊத்தின மாதிரியே பச்சையா இருக்கு. நெருப்பையே பாக்கல."

கோப்பை என் கையிலிருந்து நழுவிப் பட்டாணிக் கூடையில் விழுந்தது.

எங்கள் எஞ்சினில் எண்ணெய் விசிறி வழியாகப் போய், சிலிண்டரில் எரிந்து, அதற்கப்புறம்தான் வெளியே வரும். வெளியே வருவதெல்லாம் கருப்பாக இருக்கவேண்டும். நெருப்பைப் பார்க்காத எண்ணெய் வெளியே வந்தால், அது சிலிண்டருக்குப் போகிற வழியிலேயே தப்பி ஓடியிருக்கிறது. எண்ணெய் தப்புகிற ஓட்டையில் ஊதின காற்றும் பெட்ரோலும் சேர்ந்து தப்பும். ஊட்டுகிற சோற்றில் பாதி வாய்க்குப் போகாமல் தாடையில் வழிகிறது. எங்களுக்கு இதுவரை ஏன் தெரியவில்லை? தகரக் கவசம். கருப்பு மஞ்சள் எல்லாவற்றையும் பிடித்து ஒன்றாகக் கலந்து ஒரே வாளியில் விட்டுக்கொண்டிருந்தது.

மிஸஸ் பெக்கின் தையல் நாடாவை எடுத்துவந்து அளந்தேன். கருப்புப் பட்டையின் நடுவிலிருந்து மஞ்சள் வரை ஆறே கால் அங்குலம். சிலிண்டரின் நடுவிலிருந்து பின்பக்கமாக ஆறே கால் அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க நான் கொட்டகைக்குப் போகவேண்டியதில்லை. மூன்று மாதம் தேய்த்தவன். விசிறி டிரம் எஞ்சினோடு சேர்கிற மூட்டு.

அப்போதுதான் என் உற்சாகம் கொஞ்சம் அடங்கியது. அந்த மூட்டு மிஸ்டர் ராப்ஸனின் சொந்தக் கைவேலை. வேறு யாரையும் தொடவிடாமல் மூன்று வாரம் சுரண்டிச் சுரண்டி இரண்டு முகங்களையும் கண்ணாடி மாதிரி சமமாக்கினார். மார்ச் மாதத்தில் நான், "நடுவுல ஒரு பிரவுன் பேப்பர் வெச்சா நல்லா அடைக்கும் மிஸ்டர் ராப்ஸன்" என்று சொல்லிப் பார்த்தேன். "இரும்பும் இரும்பும் ஒழுங்காச் சேந்தா நடுவுல காகிதத்துக்கு என்ன வேலை?" என்றார். அவர் என்னோடு பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். போன புதன்கிழமை ராணுவத்தை எண்ணெயில் முக்கினவன், இன்றைக்குப் போய் உங்கள் மூட்டு ஒழுகுகிறது என்று சொல்லவேண்டும். கில்ட்ஃபோர்டில் இந்த நேரம் ஹூபர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார்.

ஆனாலும் போனேன். மிஸ்டர் ராப்ஸன் மெத்தடிஸ்ட் கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பி, கருப்பு உடுப்பைக்கூடக் கழற்றாமல் கதவைத் திறந்தார்.

"மிஸ்டர் ராப்ஸன், எஞ்சின் விஷயமா ஒண்ணு."

"இன்னிக்கு என்ன கிழமை டிம்மின்ஸ்?"

"ஞாயிறு."

"ம்." ஓய்வுநாளில் அவரிடம் வேலைப் பேச்சு கிடையாது. கதவு சாத்திக்கொண்டது. அந்த வாரம் முழுக்க நான் பார்த்தவர்களெல்லாம் என்னிடம் கிழமைதான் கேட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கண் விழித்தபோது கீழே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. திங்கட்கிழமை. சட்டையை மாட்டக்கூட நேரமில்லாமல் படியில் உருண்டேன். மிஸஸ் பெக் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, செப்பு அண்டாவுக்கு மேலே கர்னலின் கோட்டைப் பிடித்திருந்தார். கோட்டின் ஒரு கை ஏற்கெனவே ஆவிக்குள் இருந்தது.

"தோய்க்காதீங்க மிஸஸ் பெக், கெஞ்சிக் கேக்கறேன்."

"நாலு நாளா தோய் தோய்னு உயிரை எடுத்தது யாரு? எதிர்வீட்டு ஆளா?"

"அதுல எங்க எஞ்சினோட வியாதி எழுதியிருக்கு. மிஸ்டர் ராப்ஸன் கண்ணால பாக்கணும். நான் சொன்னா நம்பமாட்டார், நானே என்னை நம்பமாட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் உள்பனியனில் நின்றுகொண்டிருந்தேன். "நல்லாக் கேட்டுக்குங்க. இன்னிக்கு இது அண்டாவுல போகலைன்னா அடுத்த திங்கள்தான். நாளைக்கு வந்து அந்தப் பெரிய மனுஷன் கேப்பார். அப்ப இந்த வீட்டுப் பேரை இழுக்கக் கூடாது."

"என் பேரை மட்டும் சொல்லிக்கறேன்."

"அதுல இழுக்கறதுக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல," என்று கோட்டை என்மேல் வீசினார்.

மடித்தால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சைக்கிளில் தொங்கவிட்டால் சங்கிலியில் மாட்டும். வேறு வழி தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டேன். அப்படித்தான் அன்று காலை பைஃப்லீட் தெரு வழியாக ஒரு ராணுவ அதிகாரி, நெஞ்சில் கருப்புப் பட்டையும் மஞ்சள் பட்டையுமாக, விளக்கெண்ணெய் நாறச் சைக்கிள் மிதித்துப் போனார். பால்காரர் வண்டியை நிறுத்தி சல்யூட் வைத்தார். நானும் வைத்தேன்.

கொட்டகையில் சாக்குக்கட்டி வட்டம் இன்னும் இருந்தது. அதற்குள் ஒரு கம்பத்தை நட்டு, கர்னல் நின்ற உயரத்தில், நின்ற திசையில் கோட்டை மாட்டினேன். கருப்புப் பட்டை சிலிண்டர்களின் நடுவுக்கு நேராக வந்தது. மஞ்சள், சொல்லிவைத்த மாதிரி மூட்டுக்கு நேராக வந்தது. நான் எதுவும் பேசுவதில்லை என்று முடிவு செய்து, ஒரு துணியை எடுத்து ஏற்கெனவே பளபளத்த எதையோ தேய்க்க ஆரம்பித்தேன்.

மிஸ்டர் ராப்ஸன் ஏழு மணிக்கு வந்தார். கோட்டைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். கோட்டின் பக்கத்தில் போய் மூக்கை வைத்தார். பிறகு ஸ்கேலை எடுத்து கோட்டில் அளந்தார், எஞ்சினில் அளந்தார். காதில் செருகியிருந்த நீலப் பென்சிலை எடுத்து, கர்னலின் லினன் கோட்டின் மேலேயே இரண்டு அம்புக்குறி போட்டு, நடுவில் '6¼' என்று பெரிதாக எழுதினார். அந்தக் கோட்டை நாளைக்குச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியவன் நான். ஆனால் அந்த நேரத்தில் அவரைத் தடுப்பதைவிட சாக்கடைப் பண்ணையில் நீந்தப் போயிருப்பேன்.

மூட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கால் மணி நேரம் இருக்கும். மூன்று வாரம் சுரண்டின முகத்தைத் தடவிக்கொண்டு நின்ற அந்த முதுகைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கவசத்தைக் கழற்றியிருக்கவே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

"டிம்மின்ஸ்."

"சார்."

"பிரவுன் பேப்பர் இருக்கா?"

என் கருவிப்பெட்டியின் அடித்தட்டைத் தூக்கினேன். மார்ச் மாதத்தில் வெட்டி வைத்தது. வட்டமாக, பதினாறு போல்ட்டுக்குப் பதினாறு துளையோடு, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துக் காய்ந்தது. "ஏதோ, தற்செயலா ஒண்ணு கிடக்கு," என்றேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு துளை வழியாகவும் பார்த்தார். பிறகு துளைகள் வழியாக என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலத்துக்குள் மூட்டைப் பிரித்து, காகிதத்தை வைத்து, மறுபடி முறுக்கினோம். ஜெத்ரோ, தான் தொப்பி மாட்டி வைத்திருந்த முதல் புரொப்பெல்லரைச் சுவரிலிருந்து இறக்கினார். "மத்த மூணும் மெலிஞ்சவனுக்குத் தச்ச சட்டை. இதுதான் தேறினவனுக்குத் தச்சது," என்று தொப்பியைத் தலைக்கு மாற்றிக்கொண்டு மாட்டினார். இழுத்தார். கொட்டகைத் தகரம் நடுங்கியது. முள் தொள்ளாயிரத்தைத் தாண்டியது, ஆயிரத்தைத் தாண்டியது, ஆயிரத்து நூற்று நாற்பதில் போய் நின்றது. ஜெத்ரோ என்னவோ கத்தினார், கேட்கவில்லை. பிறகு கேட்டபோது, வால்நட் மரங்களிடம் மன்னிப்புக் கேட்டேன் என்றார்.

எஞ்சின் நின்றதும் நான் கேட்டேன். "மிஸ்டர் ராப்ஸன், அப்ப எனக்கு வேலை?"

"கர்னல் வரட்டும்," என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கர்னல் வந்தார். சுட்டெரிக்கிற வெயிலில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை வடகடல் மீனவர்கள் போடுகிற மஞ்சள் எண்ணெய்த்துணிக் கோட்டு, அதே மாதிரித் தொப்பி. நெற்றி வேர்த்துக் கொட்டியது. வாயை இறுக்கமாக மூடியிருந்தார். வட்டத்துக்குள் தானாகவே போய் நிற்கப் பார்த்தவர், அங்கே கம்பத்தில் தன்னுடைய கோட்டு ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பதைக் கண்டு நின்றார்.

"இது தோய்ச்ச மாதிரி தெரியலையே."

"இல்ல சார்," என்றேன்.

"கூட என்னமோ எழுதியிருக்கு."

நான் மிஸ்டர் ராப்ஸனைப் பார்த்தேன். அவர் பைப்பைப் பார்த்தார். "கணக்கு சார்," என்றார்.

கவசத்தை நானே என் கையால் மாட்டி, ஒவ்வொரு திருகையும் இரண்டு தடவை சோதித்தேன். இரண்டே காலுக்கு ஓடத் தொடங்கிய எஞ்சின் மூன்றே காலுக்குத்தான் நின்றது. முள் ஆயிரத்து நூற்று முப்பதுக்குக் கீழே இறங்கவில்லை. கர்னல் ஒரு மணி நேரமும் அந்த உடுப்புக்குள் வெந்துகொண்டு நின்றார். ஒரு சொட்டு அவர்மேல் படவில்லை. எஞ்சின் அடங்கியதும் அவர் மெதுவாக வாயைத் திறந்து, அதே கேள்வியைக் கேட்டார். "எண்ணெய் எங்க போச்சு?"

வாளியை எடுத்துக் காட்டினேன். மை மாதிரி முழுக் கருப்பு. பிறகு கோட்டுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்: கவசத்தை நான் கழற்றியது, வெயில், மிஸஸ் பெக்கின் மூக்கு, ஆறே கால் அங்குலம். மூட்டு யார் கைவேலை என்பதை மட்டும் சொல்லவில்லை. "ஒரு மூட்டு கொஞ்சம் ஒழுகிச்சு" என்று தாண்டிப் போனேன். மிஸ்டர் ராப்ஸன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கர்னல் கோட்டைக் கம்பத்திலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மீசை ஒருதரம் ஆடியது. "இதைத் தோய்க்க வேண்டாம். குழுவுல எட்டுப் பேர் இருக்காங்க, ஊதுவிசிறியெல்லாம் பொம்மை வேலைன்னு சொல்றவங்க. இதை மேசைமேல விரிச்சுப் போட்டு நான் ஒரு மணி நேரம் பேசப்போறேன். மூணு எஞ்சின் கேட்டுக் கடிதம் வரும்." கார் வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்தார். "அந்த அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க வீட்டுப் பிள்ளைங்க மேல எனக்கு ரொம்பப் பரிதாபம்னு."

ஜெத்ரோ உடனே மிஸ்டர் ராப்ஸன் முன்னால் போய் நின்றார். "அப்ப புரொப்பெல்லர்மேல தப்பு?"

"ம்," என்றார் மிஸ்டர் ராப்ஸன்.

"இது இல்லைங்கற 'ம்'-ஆ, ஆமாங்கற 'ம்'-ஆ?"

"ம்."

மணி ஐந்தரை. தேநீர்க் கடைக்கு முன்னால் இருக்கும் சிவப்புத் தபால்பெட்டிக்கு ஆறு மணிக்கு ஆள் வருவார். அஞ்சலட்டையில் ஹூபர்டின் விலாசத்தை எழுதிவிட்டேன். 'அன்புள்ள ஹூபர்ட்' என்றும் எழுதிவிட்டேன். அதற்குமேல் கை நகரவில்லை. மிஸ்டர் ராப்ஸன் எஞ்சினுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் அட்டையையும் பென்சிலையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். மரியாதையெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ.

"மிஸ்டர் ராப்ஸன், கில்ட்ஃபோர்டுல ஒரு வேலை இருக்கு. வரேன்னு எழுதறதா, வரலைன்னு எழுதறதா? இன்னும் அரை மணி நேரம்தான். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொல்லாதீங்க. ஸ்பேனரும் கேக்காதீங்க."

அவர் போர்வையின் முனையை மெதுவாக இழுத்துவிட்டார். வாயிலிருந்து பைப்பை எடுத்தார். அதை அவர் வாய்க்கு வெளியே நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வரலைன்னு எழுது. உன் வேலை இங்கதான். மார்ச்சு மாசமே நீ சொன்ன காகிதம் சரி. நான்தான் தப்பு."